இரண்டு மணித் தொடரும் தையல்காரி செங்கமலமும்

நண்பகல் நாடு என்று ஒரு நாடு. அங்கே போக ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்கு டிவியைப் போட்டு வீட்டுக் கதவைச் சாத்தினால் போதும். அந்நாட்டில் அரசாங்கமே அந்த நேரத்தில்தான் நடக்கும். மன்னர் சட்டம் எதையும் எழுதுவதில்லை. எழுதினால் யார் உட்கார்ந்து படிப்பது? இரண்டு மணித் தொடரில் காட்டிவிடுவார். காட்டியது சட்டம். அன்றைக்கு எத்தனை வீட்டில் அழுதார்கள் என்று நாடகத் துறை அமைச்சர் மாலையில் அரண்மனைக்குச் சொல்லியனுப்புவார். அதற்குப் பெயர் தேர்தல்.

அந்நாட்டுக் கீழவீதியில் செங்கமலம் என்ற திருநங்கை தையல் கடை வைத்திருந்தாள். ரவிக்கை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெற்றவர்கள் கைகழுவி எத்தனையோ வருடமாயிற்று. உறவென்று சொல்ல எதிர்வீட்டுக் கோமளா அக்கா ஒருத்திதான். ஒன்றரை மணிக்கு அக்கா குழம்புச் சட்டியோடு வருவாள், இவள் சோறு வடித்து வைத்திருப்பாள். வெட்டுத் துணிகளை ஒதுக்கிவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"உப்பு கம்மியாடி?"

"உங்க நாக்குதான் மரத்துப்போச்சு, போங்கக்கா."

பேச்சு அவ்வளவுதான். ஆனால் செங்கமலம் காலையில் எழுந்திருப்பதே அந்த ஒன்றரை மணிக்காகத்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், ஓர் ஆடி மாதம் தொடரில் ரத்னா வந்தாள். ரத்னா திருநங்கைப் பாத்திரம். வேஷம் கட்டியவர் அமைச்சரின் மச்சான். மீசையை மழித்து, கூடை நிறையப் பூவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கைதட்டியபடியே வந்தார். முதல் வாரமே ரத்னா நாயகியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாடு நடுங்கியது. மறுநாள் முரசறைந்தார்கள்: திருநங்கைகளிடமிருந்து பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.

அன்று கோமளா அக்கா வரவில்லை. ஜன்னலிலிருந்தே பேசினாள். "தப்பா நெனைக்காதடி. எனக்கு உன்மேல ஒண்ணுமில்ல. மருமக மாசமா இருக்கா பாரு. நீ நல்லவதான், ஆனா டிவியில காட்டுறாங்களே!"

"என்னைப் பதினோரு வருஷமா பாக்குறீங்களேக்கா."

"அட, நான் பாத்தது உன்னை ஒருத்தியத்தானே? டிவிக்காரங்க எல்லாரையும் பாத்துட்டுத்தானே எடுப்பாங்க!"

செங்கமலத்துக்குக் கோபம்கூட வரவில்லை. இருவருக்கும் வடித்த சோறு அப்படியே கிடந்தது. சாயங்காலம் அதில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

பத்து நாள் பொறுத்தாள். அப்புறம் ஒரு மனு எழுதிக்கொண்டு நாடகத் துறைக்குப் போனாள். ஒரே வரி. ரத்னா ஒரு நாளாவது பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவதாகக் காட்ட வேண்டும்.

அமைச்சர் இரண்டு முறை படித்தார். "சாப்பிட்டு?"

"சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கணும் ஐயா."

"கழுவி?"

"வேலைக்குப் போயிருவா."

"அம்மா, இதில் கதை எங்கே இருக்கிறது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் விக்கைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "ஒரு திருநங்கை இப்படியெல்லாம் இருக்க மாட்டாள். மூன்று வாரமாக நான் திருநங்கையாக இருக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"நான் முப்பத்தெட்டு வருஷமா இருக்கேன் சார்."

"அனுபவம் வேறு, ஆய்வு வேறு" என்றார் அமைச்சர் கனிவோடு. "ஆனாலும் கவலை வேண்டாம். அரசு உங்களைக் கைவிடாது."

அந்நாட்டு ஜனங்கள் கதவைத் தாழ்ப்பாள் போடுவது இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதுதான்.

அரசு கைவிடவில்லை. அடுத்த வாரமே ரத்னா திருந்தினாள். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோயில் வாசலில் உட்கார்ந்தாள். அவள் கை வைத்தால் காய்ச்சல் இறங்கியது. மீண்டும் முரசு: திருநங்கைகள் தெய்வப் பிறவிகள், யாரும் அவர்களோடு சரிசமமாக உட்காரக் கூடாது. கீழவீதியே செங்கமலத்தின் கடைமுன் வரிசை கட்டியது. ரவிக்கைத் துணி ஒன்றுகூட வரவில்லை. சாமியிடம் போய் அளவெடுக்கச் சொல்ல முடியுமா என்ன!

கோமளா அக்காவும் மருமகளை அழைத்துக்கொண்டு வந்தாள். கையில் பழத்தட்டு. வாசலோடு நின்றுவிட்டாள்.

"அக்கா! உள்ள வாங்கக்கா. சோறு சூடா இருக்கு."

"ஐயையோ, அபசாரம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மருமக தலையில கை வச்சு நல்லபடியா சொல்லுங்கம்மா."

செங்கமலம் மனதார வாழ்த்தினாள். சொல்லுங்கம்மா! அந்த மரியாதை பத்தடி தள்ளி நிற்கச் சொன்னதைவிட அதிகமாக வலித்தது. ஜன்னலில் நின்றபோதாவது அக்கா அவளை 'டி' போட்டாள். இப்போது அதுவும் போயிற்று. வாசலில் அத்தனை கூட்டம் நிற்க, உள்ளே ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஐப்பசியில் நாட்டில் அழுகை குறைந்தது. அமைச்சர் பதறிப்போய் ரத்னாவைக் கொன்றார். நாயகியைக் காப்பாற்றப் போய், குறுக்கே பாய்ந்து, நாயகி மடியிலேயே உயிரை விட்டாள். அப்பப்பா, என்ன அழுகை! மன்னர் ஏகமனதாக மறுபடியும் தேர்வானார்.

அமைச்சர் தழுதழுத்த குரலில் அறிவித்தார். "திருநங்கைகளுக்கு இந்நாடு பட்ட கடன் தீர்ந்தது. பதினாறாம் நாள் ஒவ்வொரு வீதியும் தன் திருநங்கைக்குப் படையல் போட வேண்டும்."

"ஐயா, எங்க வீதியில அவங்க உயிரோட இருக்காங்களே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அப்படித் தொடரில் காட்டவில்லையே" என்றார் அமைச்சர்.

பதினாறாம் நாள் மதியம், கோமளா அக்கா படி தாண்டிக் கடைக்குள் வந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! செங்கமலம் அவசர அவசரமாக வெட்டுத் துணிகளை ஒதுக்கினாள். அக்கா தலைவாழை இலையை விரித்தாள். சோறு, வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு. போனவர்களுக்குப் பிடித்ததை வைப்பதுதானே வழக்கம். கண்ணில் தாரை தாரையாக நீர்.

செங்கமலம் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் இருக்கேன். இங்க பாருங்க."

"தெரியும்டி" என்றாள் அக்கா மெதுவாக. "தெரியாமலா? வெளிய எல்லாரும் நிக்கிறாங்க."

"ரெண்டு வாய் எங்கூடச் சாப்பிட்டுட்டுப் போங்கக்கா."

அக்கா இலையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். சூடத்தை ஏற்றிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டு வெளியே போனாள். படையல் போட்டதும் எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்த வேண்டும். போனவர்கள் ஆள் இருக்கும் இடத்தில் சாப்பிட மாட்டார்களாம். கதவு சாத்தப்பட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிவிட்டுத் திறந்தார்கள். செங்கமலம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை, இலையைத்தான் பார்த்தார்கள். சோற்றில் சரியாகப் பாதி, குழம்பில் பாதி, இரண்டு வடையில் ஒன்று. மீதி தொடாமல் இருந்தது.

"பாதிதான் சாப்பிட்டிருக்கு. ஆத்மாவுக்கு ஏதோ குறை" என்று கிசுகிசுத்தார்கள். சேதி உடனே நாடகத் துறைக்குப் போயிற்று. அங்கிருந்து உடனே முரசும் வந்தது: ரத்னா சாந்தியடையவில்லை, திங்கள்கிழமை முதல் பேயாக வருவாள், மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மீதிப் பாதி யாருக்கு என்று கோமளா அக்காவுக்குத் தெரியும். மணி இரண்டாகப் போகிறதென்று எல்லோரும் அவசரமாக வீட்டுக்குப் போனார்கள். அவளும் போனாள்.