திவான் திரும்பிப் பார்க்கவில்லை

“திவான்! டேய் திவான்!”

குமாஸ்தா பதினாறாவது தடவையாகக் கூப்பிட்டார். ஜன்னலோரம் படுத்திருந்த சுருட்டைமுடி நாய் தெருவைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

நாய் முதலாளியுடையது. நான்கு நாள் பயணமாக வெளியூர் கிளம்பியவர், அதைக் குமாஸ்தாவிடம் ஒப்படைக்கும்போது கண் கலங்கினார். “இது நாய் இல்லய்யா, நான் பெறாத பிள்ளை. ஆயிரம் நாய்க்கு நடுவுல விட்டாலும், கண்ணை மூடிக்கிட்டுத் தடவியே இவனைச் சொல்லிடுவேன். பேரைச் சொன்னா பறந்து வருவான். வரலைன்னா, பார்த்துக்கிட்ட ஆள் சரியில்லைன்னு அர்த்தம்.”

கம்பெனியில் ஊரறிந்த ரகசியம் ஒன்று உண்டு. போன வருஷம் திவானைப் பார்த்துக்கொண்டவர் இன்று விற்பனைப் பிரிவுத் தலைவர். போன மாதம் பார்த்துக்கொண்டவர் கொள்முதல் பிரிவுத் தலைவர். இப்போது கிடங்குப் பிரிவுத் தலைவர் நாற்காலி காலி. பதினான்கு வருஷமாக ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு அந்த மெத்தை நாற்காலி கனவிலும் வந்தது.

“ஏங்க, அதுக்குக் காது கேட்கலையோ?” என்றாள் மனைவி.

குமாஸ்தா காது மடலைத் தூக்கினார். உள்ளே புதர் மண்டிக் கிடந்தது.

“அதானே பார்த்தேன்! இவ்வளவு முடி அடைச்சிருந்தா எப்படிக் கேட்கும்?”

“உங்க காதுலயும்தான் இருக்கு.”

“எனக்குக் கேட்குதே!”

“கேட்குதாக்கும்! குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கன்னு ஒரு வாரமா கத்தறேன்.”

அவர் கைபேசியில் விசாரித்தார். பாதிப் பேர், நாயின் காது முடியைப் பிடுங்கியே தீரவேண்டும் என்றார்கள். மீதிப் பேர், தொடவே கூடாது என்றார்கள். பதவி உயர்வுக்குக் காத்திருப்பவன் சும்மா இருக்கச் சொல்கிற கட்சியில் சேருவானா? மனைவி புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் கொத்துக்குத் திவான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்துவிட்டார். இடது காது முடிந்ததும் நாய் கட்டிலுக்கடியில் புகுந்தது.

“திவான்!”

ம்ஹூம்.

“நல்லா இருக்குங்க. ஒரு காது காடு, ஒரு காது கட்டாந்தரை. முதலாளி கேட்டா என்ன சொல்வீங்க?”

நியாயம்தான். மறுநாள் வலது காதையும் மொட்டையடித்தார். சாயங்காலத்துக்குள் இரண்டும் சிவந்து வீங்கின. எரிச்சல் அடங்கட்டும் என்று எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார். எண்ணெயில் குறையில்லை, ஆறவைக்கத்தான் மறந்துவிட்டார். தலையை உதறிய உதறலில் திவான் காதைக் கட்டில் காலில் அடித்துக்கொண்டு ரத்தம் வரவழைத்தது. சுவரெல்லாம் எண்ணெய்ப் புள்ளி.

மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “யார் பிடுங்கினது?”

“தானா கொட்டிடுச்சு டாக்டர்.”

“ரெண்டு காதும் பேசி வெச்சுக்கிட்டா?” 

மருத்துவர் டார்ச்சை அணைத்தார்.

“முடி இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே, சார். அழுக்கு சேர்ந்து நாத்தம் வந்தா, சீழ் பிடிச்சா, அப்ப எங்ககிட்ட வரணும். நல்லா இருந்த காதை நோண்டிப் புண்ணாக்கியிருக்கீங்க.”

“அதுக்குக் காதே கேட்கல டாக்டர்!”

மருத்துவர் மேஜைக்கடியில் பிஸ்கட் பொட்டலத்தை லேசாகக் கசக்கினார். திவான் துள்ளி எழுந்தது.

“அப்ப பேரைச் சொன்னா ஏன் திரும்பல?”

“அதை நாய்கிட்டதான் கேட்கணும்” என்றவர், காதைச் சொறிந்துவிடாமலிருக்க அதன் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் புனலை மாட்டி அனுப்பினார்.

புனலுக்குள்ளிருந்து பார்த்த அந்த முகத்தைக் கண்டதும் குமாஸ்தாவுக்கு நம்பிக்கையே விட்டுப்போனது. கண்ணை மூடித் தடவினாலே தெரிந்துகொள்கிற முதலாளி, இதைக் கண்ணைத் திறந்து வேறு பார்க்கப் போகிறார். மறைத்துப் பிடிபட்டால் இருக்கிற ஸ்டூலும் போய்விடும். மருத்துவமனை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து கைபேசியில் முதலாளிக்கு எழுதினார். பிடுங்கியது, ஊற்றியது, எல்லாவற்றையும் எழுதினார். ‘தங்கள் பிள்ளையைக் காக்கத் தவறிய நான் கிடங்குப் பிரிவுத் தலைவர் பதவிக்குத் தகுதியற்றவன். என் பெயரை நீக்கிவிட வேண்டுகிறேன்’ என்று முடித்தபோது எழுத்துகள் கண்ணீரில் கலங்கித் தெரிந்தன. அனுப்பினார். ஒரே நிமிடத்தில், படித்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

நான்காம் நாள் காலை முதலாளியின் டிரைவர் நாயை அழைத்துப்போக வந்தார். புனலைப் பார்த்தார். குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்தார். 

“எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டேம்ப்பா” என்றார் குமாஸ்தா. “பதவியும் வேண்டாம்னுட்டேன்.”

டிரைவர் தலையிலடித்துக்கொண்டார்.

“என்ன சார் நீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அசல் திவானைத் தொலைச்சவர்தான் விற்பனைத் தலைவர், பதிலுக்கு வாங்கி வெச்சதையும் தொலைச்சவர்தான் கொள்முதல் தலைவர். இது போன மாசம் நான் போய் வாங்கிட்டு வந்த மூணாவது நாய், பாவம், அதுக்கு இன்னும் தன் பேரே தெரியாது.”