சாகத் தெரியாத ராஜா மச்சினனுக்கு எழுதுவது

அன்பு மச்சினனுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. உன் அக்கா நலம். அவள் நலமாக இருப்பதால் நான் அவ்வளவு நலமில்லை. "என் தம்பி வயித்துல அடிச்சிட்டீங்களே" என்று வாய் ஓயாமல் சொல்கிறாள்.

நிற்க. உன் ஆர்மோனியம் என் குரலை அமுக்குகிறது, பாட்டையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவிட்டால் இந்த ஆளே வேண்டாம் என்று நம் நாடகக் கம்பெனி முதலாளி காதில் ஓதி உன்னை வீட்டுக்கு அனுப்பியவன் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள். நான் முதலாளி செலவில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நாடகத்தில் ராஜாவான நான் அம்பு பட்டுச் சாகும்போது வசனம் பாதியில் நின்றுபோயிற்று. உனக்குத் தெரியாததா, வருஷக்கணக்காக அதே இடத்தில்தானே நிற்கிறது! நீ இருந்தால் என் முழியைப் பார்த்ததுமே சோக இசையை இன்னொரு சுற்று இழுப்பாய், நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகுவேன், வசனம் வந்துவிடும், 'என்னமா உருகுறார் மனுஷன்' என்று ஜனங்களும் கண்ணைத் துடைப்பார்கள். லேப்டாப்புக்கு என் முழி தெரியுமா? சோக இசை தன்பாட்டுக்கு முடிந்தது, நான் இன்னும் சாகவில்லை, அதற்குள் அடுத்த காட்சியின் கல்யாணப் பாட்டு தொடங்கிவிட்டது, பாட்டைக் கேட்டதும் தோழிகள் துள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஒருத்தி என் கையை மிதித்தாள், நான் ஐயோ என்று எழுந்தேன், எழுந்தவன் சும்மா நிற்க முடியுமா, அம்போடு ரெண்டு சுற்று ஆடிவிட்டேன்.

திரைக்குப் பின்னால் முதலாளி பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, செத்துப்போனவன் ஆடுறே?"

"இன்னும் சாகலைங்க. பாட்டு முந்திக்கிச்சு."

"பாட்டு சரியாத்தான் வந்துச்சு. நீதான் லேட்டு. அடுத்த வாரமும் இப்படின்னா சாகறதுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

ஆறுதல் கிடைக்கும் என்று உன் அக்காவிடம் சொன்னேன். "உங்க மறதிய இத்தனை நாளா நடிப்புன்னு நம்ப வச்சதே என் தம்பிதான்" என்றாள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொய் இல்லை. இந்த வேஷமும் போய்விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாதப்பா. ஆர்மோனியப் பெட்டியோடு உடனே புறப்பட்டு வா. முதலாளி காலில் நானே விழுகிறேன். விழுவது எனக்குப் பழக்கம்தான்.

உன் பத்து விரலும் நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
இன்னும் செத்து முடிக்காத
உன் அத்தான்

பின்குறிப்பு: பெட்டியைக் கட்டிவிட்டாயானால் அவிழ்த்துவிடு. இதைத் தபாலில் போடுவதற்குள் கதை மாறிவிட்டது. அம்போடு ஆடும் ராஜாவைப் பார்க்க அடுத்த வார டிக்கெட் முழுக்க விற்றுவிட்டதாம். அதேபோல் மறந்து, அதேபோல் ஆட வேண்டும் என்று முதலாளி கட்டளை. இன்று ஒத்திகை. பாழாய்ப்போன வசனம் முழுசும் கடகடவென்று வந்துவிட்டது. பாட்டுக்கு முன்பே ஒழுங்காகச் செத்துத் தொலைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதனால் பெட்டி வேண்டாம், நீ மட்டும் வந்து முன்வரிசையில் உட்கார். உன் முகத்தைப் பார்த்தால் பழைய பழக்கத்தில் எனக்கு வசனம் தானாக மறந்துவிடும்.