புளோரிடா அண்ணையின் செவ்வாய்க்கிழமை

அமெரிக்காவைப் புளோரிடா அண்ணையைப் போல நேசித்தவரும் கிடையாது, ஏசியவரும் கிடையாது. அந்த மண்ணை மிதிக்காமலே இரண்டையும் செய்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பாரிஸில், லா ஷப்பல் பக்கம், ரூ லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடையொன்றில் கொத்து ரொட்டி போடுகிறவர். 2009-இல் திருச்சியிலிருந்து கணினி வேலைக்கு வந்த நான், பசியோடு அந்தக் கடைக்குள் நுழைந்த நாளிலிருந்து பழக்கம்.

ரொட்டியைக் கொத்தும்போதே பழைய அமெரிக்கத் தேர்தல்களைத் திருத்தி நடத்துவார்.

"அறுபதாம் ஆண்டு விவாதத்திலை அந்த மனுசன் டீவியிலை வேர்வையைத் துடைச்சிருந்தால் வெண்டிருப்பான், தம்பி. பிறகு வியட்நாமிலை..."

எந்த வருஷத்தில் தொடங்கினாலும் 2000-ஆம் ஆண்டுப் புளோரிடாவில் வந்துதான் நிற்பார். ஐந்நூற்றுச் சொச்சம் வாக்கில் ஜனாதிபதியே மாறிப்போன மாநிலம். அங்கே வந்ததும் கைத்தகடுகள் வேகமெடுக்கும்; ரொட்டி மாவாகிவிடும். "புளோரிடாவுக்கு முன்னாடியே இறக்கிடுங்கண்ணே" என்று கெஞ்சுவோம்.

காரணம் இருந்தது. அவருடைய மச்சாள் மலர் அங்கேதான் இருந்தாள். சின்ன வயதிலேயே போய்க் குடியுரிமை வாங்கியவள். கல்யாணம் பேசி முடித்தாயிற்று. விசா வரும்வரை என்று பாரிஸில் இறங்கியவர் அண்ணை. தேர்தலுக்கு மறுவருஷம் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன, கெடுபிடி வந்தது, விசா வரவேயில்லை. மலரை ஒரு பல் டாக்டருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

"மற்ற ஆள் வெண்டிருந்தால் இதொண்டும் நடந்திராது. நான் இப்ப மயாமியிலை" என்பார். துணியெல்லாம் சூட்கேஸில்தான். அலமாரி வாங்கச் சொன்னால், "ரான்சிட்டிலை நிக்கிறவனுக்கு என்னத்துக்கு?" என்று சீறுவார்.

ஒரு கோடையில் மலர், கணவனோடும் பிள்ளைகளோடும் பாரிஸ் பார்க்க வந்தவள், கடைக்கே வந்துவிட்டாள். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கள் மேசையில் யாரும் சாப்பிடவில்லை. அத்தனை வருஷம் கழித்து மனுஷர் கேட்ட முதல் கேள்வி:

"ரெண்டாயிரத்திலை நீ ஆருக்கு வோட்டுப் போட்டனீ?"

"போடேல்லை, அத்தான்."

"என்னது?"

"அண்டைக்குச் செவ்வாய்க்கிழமையெல்லே? உங்களுக்கு லீவு. போன் கோல் எடுப்பீங்களெண்டு வீட்டிலையே இருந்தனான். டெலிபோன் காட் முடிய முடிய வாங்கி, பொழுதுபடுமட்டும் கதைச்சனீங்கள்."

பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். அண்ணை உள்ளே போய் அவர்களுக்குக் கொத்துப் போட்டார். அன்றைக்கு ரொட்டி பெரிய பெரிய துண்டுகளாக வந்தது.

அவர்கள் போன பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, அன்னிக்கு நீங்க மட்டும் போன் பண்ணாம இருந்திருந்தா, அவங்க சொந்தக்காரங்க எல்லாரையும் வேன்ல ஏத்திட்டுப் போய் ஓட்டுக் குத்தியிருப்பாங்க. அமெரிக்காவே மாறியிருக்கும்!"

அவர் அடுப்புத் தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"அந்தக் கோலை விடேலாது, தம்பி. எலெக்சன் போனால் போகட்டும்."

அடுத்த மாதம் அலமாரி வாங்கினார். அவர் வீட்டு மாடிக்கு அதைத் தூக்கிய தோள்வலி எனக்கு இன்னும் இருக்கிறது.

நான் ஊர் திரும்பிவிட்டேன். அமெரிக்கத் தேர்தல் நடக்கிற செவ்வாய்க்கிழமைகளில் அவருக்குப் போன் போடுவேன். யார் ஜெயித்தால் எனக்கென்ன, அந்தப் பக்கத்திலிருந்து "ஓம் தம்பி" என்று அவர் குரல் கேட்டால் போதும்.