கண்ணாடிச் சட்டமும் நாற்பத்து மூன்று பந்துகளும்

‘அவனைக் கண்டெடுத்தது நான்தான்’ என்று சொல்லும் மனிதரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். இல்லையென்றால் ஹராரேயில் எங்கள் கிளென் நோராவுக்கு வாருங்கள். கோம்பி வண்டியிலிருந்து இறங்கி முடிவெட்டும் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேரைப் பார்த்துவிடலாம். நாலாமவர் கடைக்குள்ளே கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருப்பார்.

இவர்கள் கண்டெடுத்த ஆள் அனேசு ஞாமண்டே. வயது இருபத்திரண்டு. வலது கையால் மட்டை பிடிப்பான், வலது கையால் வேகமாகப் பந்து வீசுவான், நாட்டு அணியில் ஆறாவதாக இறங்குவான். இவ்வளவும் செய்தித்தாளில் வந்ததுதான். செய்தித்தாளில் வராதது, அவனை யார் யார் கண்டெடுத்தார்கள் என்பது. அதற்கு இடம் போதாது.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? ஆட்டம் நடக்கும்போது இவர் திரையைப் பார்க்க மாட்டார். திரையைப் பார்க்கிற உங்களைப் பார்ப்பார். அனேசு நான்கு ரன் அடித்தால் மெதுவாகத் தலையாட்டுவார், தையல்காரர் தான் தைத்த சட்டை தெருவில் போவதைப் பார்ப்பதுபோல. ‘நல்லா ஆடினான்’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். ‘இப்பத்தான் கேக்குறான்’ என்பார். எதைக் கேட்கிறான், எப்போது சொன்னார், எங்கே வைத்துச் சொன்னார்? யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்ற பயம்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மட்டை மட்டும் பிடிக்கிறவனைக் கண்டெடுத்தவர் பாவம். அவன் பூஜ்யத்தில் போன நாளில் இவர் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. ஆல்ரவுண்டரைக் கண்டெடுத்தவருக்கு அந்தக் கவலையே இல்லை. மட்டையில் சறுக்கினால் பந்து இருக்கிறது, பந்து அடி வாங்கினால் மட்டை இருக்கிறது, இரண்டும் போனால் எல்லையோரத்தில் ஒரு காட்சாவது பிடித்துத் தொலைப்பான். அன்றைக்கு எது நடந்ததோ அதைத்தான் இவர் சொல்லிக்கொடுத்திருப்பார். நடக்காததெல்லாம் அரசாங்கப் பயிற்சியாளர் கெடுத்தது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி என்று எங்கள் கொட்டோராவைச் சொல்வேன். சிங்கக் குலம். அதனால் மரியாதை தெரிந்தவர்கள் அவரை ‘ஷும்பா’ என்பார்கள், சிங்கம் என்று. அறுபத்தொரு வயது. சிமெண்டுப் பலகைகளைத் தூண்களுக்கிடையே செருகிச் சுற்றுச்சுவர் எழுப்புவது தொழில். எங்கள் பகுதியில் பாதிச் சுவர்கள் அவர் வைத்தவை, மீதி நேராக இருக்கும். ஒரு காலத்தில் எங்கள் கிளப்பின் இரண்டாம் அணியில் அவரும் ஆல்ரவுண்டர். முதல் அணிக்கு இதோ அதோ என்று பதினோரு வருடம் காத்திருந்தார். கூப்பிடவே இல்லை. இதை அவர் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் நான்தான் சொல்ல வேண்டும். அனேசு பதினொரு வயதில் முதன்முதலாகக் கிளப் வாசலுக்கு வந்து நின்ற அன்று நான் மைதானத்தில் இருந்தேன். வலைப் பயிற்சிக்குப் பொறுப்பு கொட்டோரா. பையனை மேலும் கீழும் பார்த்தார்.

“உன் உயரத்துக்கு மட்டையே பெருசுடா. போய்க் கால்பந்து ஆடு.”

பையன் போய்விட்டான். அடுத்த இரண்டு வருடம் தெருவில்தான் ஆடினான்.

இப்போது இதே கதை கொட்டோரா வாயில் வேறு மாதிரி இருக்கிறது. “அன்னைக்கு நான் விரட்டலேன்னா அவனுக்கு வெறி வந்திருக்குமா? வேணும்னுதான் விரட்டினேன். அது ஒரு முறை.” முடிவெட்டும் கடையில் இதைக் கேட்டுப் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவர் கண்கலங்கினார்.

அவர் மனைவி மாய் கொட்டோரா (‘மாய்’ என்றால் எங்கள் ஊரில் அம்மா) மட்டும் கலங்குவதில்லை. “இவரு கண்டுபிடிச்சாராம். காலைல போட்ட மூக்குக்கண்ணாடி எங்கேன்னு சாயங்காலம் வரைக்கும் கண்டுபிடிக்கல. நெத்தியில இருந்துச்சு.”

இனி அனேசுவின் ஆட்ட வாழ்க்கை, சுருக்கமாக. பத்தொன்பது வயதில் நாட்டு அணி. முதல் ஆட்டத்திலேயே நான்கு விக்கெட், அறுபத்தோரு ரன். அந்த வாரம் கிளென் நோராவில் கண்டெடுத்தவர்களின் தொகை பதினேழு. மறுவருடம் அவன் முதுகெலும்பில் கீறல் விழுந்தது. எட்டு மாதம் பலகையில் படுத்துக்கிடந்தான். இனி பந்து வீசுவது சந்தேகம் என்றார்கள். அப்போது தொகை எவ்வளவு? நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். அவன் அம்மா சட்ஸாக் களி கிளறிக்கொண்டிருந்தார். அறையில் ஒரே ஒரு நாற்காலி, அதுவும் காலி. கொட்டோரா அந்த மாதங்களில் புதிதாக ஒரு கால்பந்துப் பையனைக் கண்டெடுத்திருந்தார்.

பிறகு அனேசு எழுந்தான், நடந்தான், ஓடினான். போன மாதம் நகர மைதானத்தில் வெளிநாட்டு அணிக்கு எதிராக ஐந்து விக்கெட்டும் எழுபத்து நான்கு ரன்னும். நாற்காலி திரும்பவும் நிறைந்தது. கால்பந்துப் பையனைக் கேட்பாரில்லை.

அப்போதுதான் கிளப் செயலாளர் அறிவிப்பை ஒட்டினார். வரும் ஞாயிறு மதியம் அனேசு வருகிறான். தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் போட்ட சிவப்புச் சட்டையைத் தன்னை ஆட்டக்காரனாக்கிய ஒருவருக்குக் கையால் கொடுப்பான். பெயரை அன்றைக்குத்தான் சொல்வான்.

ஒருவருக்கு. ஊரே பதினேழாக நிற்கும்போது ஒருவர்.

கொட்டோரா அன்றைக்கே தச்சரிடம் போனார். முக்வா மரத்தில் சட்டம், முன்னால் கண்ணாடி, உள்ளே சட்டையை விரித்துப் பொருத்த நான்கு கொக்கி. வீட்டுக் கூடத்தில் ஆணியும் அடித்தாகிவிட்டது. ஆணி அடிப்பதற்கு முன்னால் அவர் சுவரை மூன்று தடவை அளந்தார் என்று மாய் கொட்டோரா என்னிடம் சொன்னார். அந்த ஒரு தடவை கேலியாகச் சொல்லவில்லை. பதினோரு வருடம் வராத சட்டை அல்லவா.

ஞாயிறு. இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் பள்ளி விளையாட்டு ஆசிரியர், முடிவெட்டுபவர், கோம்பி நடத்துநர், செருப்புத் தைப்பவர் (முதல் காலணியைத் தைத்தவர், ஆகவே), பிறகு கொட்டோரா, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில். பக்கத்தில் மாய் கொட்டோரா, மடியில் போர்வை சுற்றிய சட்டம்.

“ஷும்பா, அது என்ன?” என்றார் செருப்புக்காரர்.

“சாப்பாட்டு மேசைப் பலகை.”

“கண்ணாடி தெரியுதே?”

“கண்ணாடி மேசை.”

அனேசு வந்தான். பெண்கள் குலவையிட்டார்கள். ஒவ்வொரு பெரியவர் முன்னாலும் குனிந்து, உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டி வணங்கினான்.

“எப்படி இருக்கீங்க பெரியப்பா?”

“நீ நல்லா இருந்தா நானும் நல்லா இருக்கேன்டா,” என்றார் கொட்டோரா. வழக்கமான பதில்தான். அவர் அதை வழக்கம்போலச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து வாயிலில் மாய் மட்டங்கா வந்தார். எழுபதைத் தொடும் விதவை, அனேசு வளர்ந்த தெருவின் மூலைவீட்டுக்காரர், இரண்டு நாய்களுக்கு எஜமானி. தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. நேராக நடுவில் வந்து அதை இறக்கிவைத்தார். உள்ளே பந்துகள். டேப் சுற்றியது, மயிர் உதிர்ந்தது, பாதி பிளந்தது.

“செயலாளர் ஆள் அனுப்பினாரு, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரணும்னு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? இந்தா, எல்லாம் இருக்கு. நாப்பத்து மூணு. எண்ணிப் பாத்துக்குங்க. ஒண்ணை நாய் தின்னுடுச்சு, அதுக்கு என்னைக் கேக்காதீங்க.”

கூட்டம் சிரித்தது. அனேசு சிரிக்கவில்லை. அந்த அம்மா முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, மடித்துவைத்த சிவப்புச் சட்டையை இரண்டு கையாலும் நீட்டினான்.

“என்னடா இது?”

“உங்களுக்குத்தான்.”

“துவைக்கணுமா?”

பிறகு அவன் எழுந்து சொன்னான். “எங்க தெரு ஆட்டத்துல ஒரு விதி உண்டு. இவங்க சுவருக்கு மேல பந்து போனா அவுட். போனது திரும்பி வராது. அடிச்சவன் வேற பந்து தேடிக் கொண்டாரணும், அன்னைக்குப் பூரா மட்டையத் தொடக் கூடாது, பந்துதான் போடணும். இந்த வாளியில முப்பத்தொண்ணு என்னுது. அத்தனை நாள் நான் பந்து போட்டேன். அப்புறம் புத்தி வந்து நேரா அடிக்கக் கத்துக்கிட்டேன். எனக்கு ரெண்டையும் கத்துக்குடுத்தது இவங்கதான்.”

“நான் ஒண்ணும் குடுக்கலடா,” என்றார் மாய் மட்டங்கா. “உங்கம்மாகிட்ட நாலு தடவ சண்டை போட்டேன், அவ்வளவுதான்.”

“அஞ்சு தடவ,” என்றார் அனேசுவின் அம்மா பின்னாலிருந்து.

இங்கே கொட்டோராவைப் பாருங்கள். அவர் கைதட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார், நிறுத்தினால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல். மாய் கொட்டோரா சட்டத்தை அவர் மடிக்கு மாற்றி, காதருகில் குனிந்தார்.

“கொண்டுபோய்க் குடுங்க. வெறும் சட்டத்தை வீட்டுல மாட்டினா யாரு செத்தாங்கன்னு கேப்பாங்க.”

அவர் எழுந்தார். போர்வையை அவிழ்த்தார். அந்த ஐந்தடி தூரத்தை எங்கள் கொட்டோரா நடந்தபோது நான் அவரை முதல்முறையாக மதித்தேன். அந்த மதிப்பு அரை நிமிடம் நீடித்தது. ஏனென்றால் சட்டத்தைக் கொடுத்த கையோடு அவர் நின்றுவிட்டார். முகத்தில் ஏதோ ஏறியது.

“மாய் மட்டங்கா. அந்தச் சுவரை யாரு வச்சது?”

“நீதான். கோணலா.”

“எத்தனை பலகை?”

“ஆறு. நான் ஏழு கேட்டேன். பலகை தீந்துபோச்சு, அடுத்த வாரம் வந்து வைக்கிறேன்னு போனவன்தான். பன்னெண்டு வருஷமாச்சு.”

கொட்டோரா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“கேட்டீங்களா? ஏழு வச்சிருந்தா ஒரு பந்து தாண்டியிருக்குமா? பந்து தாண்டலேன்னா இவன் பந்து போட்டிருப்பானா? அஞ்சு வச்சிருந்தா? கண்டபடி தாண்டியிருக்கும், மட்டையே பிடிச்சிருக்க மாட்டான். ஆறு! யோசிச்சு வச்சது.”

அனேசு விழுந்து விழுந்து சிரித்தான். முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “உண்மைதான் பெரியப்பா,” என்றான். அவ்வளவு போதும். முடிவெட்டும் கடையில் அதற்குப் பிறகு வேறு பேச்சில்லை. யாராவது புதிதாகச் சுவர் வைக்கச் சொன்னால் கொட்டோரா இப்போது ஆறு பலகைக்கு மேல் வைப்பதில்லை.

மாய் மட்டங்கா? இத்தனை வருடம் எங்கள் பகுதியில் அனேசுவைக் கண்டெடுக்காத ஒரே ஆள் அவர்தான். போன வாரம் தக்காளி வாங்கும்போது அவர் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது காதில் விழுந்தது. “ஒரு பந்தையாவது திருப்பிக் குடுத்தேனா பாரு. மனசு கேக்காதுதான். ஆனா பையன் முன்னுக்கு வரணுமே.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். அனேசு அடுத்த முறை சதம் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். “இவனா? எனக்கு அப்பவே தெரியுமே. தெருவுல ஆடின நாள்லேர்ந்து தெரியும்.” தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வரிசை உண்டு. எனக்குப் பின்னால் நில்லுங்கள். கொட்டோரா அவனை விரட்டிய அன்று நான் மைதானத்தில் இருந்தேன் என்றேனே, அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஆடுகளத்துக்கு உருளை இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னாளில் அவன் பந்து வீசிப் பழகிய அதே களம்தான். அது அவ்வளவு சமமாக இல்லாமல் இருந்திருந்தால்?