கால்குலஸ் தெரியாத டாக்டர் என்னைத் தொடக்கூடாது

ஆஸ்திரேலியாவில் டாக்டராக வேண்டுமென்றால் எத்தனையோ தேர்வுகளைத் தாண்ட வேண்டும். அத்தனையும் தாண்டி வந்தவர்களுக்குக் கடைசியாக இன்னொரு தேர்வு வைத்த ஒரே நோயாளி, பென்டில் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டுக் கால்குலஸ் அங்கிள்தான். அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட் ஆபீசுக்கு மட்டுமே தெரியும்.

யாழ்ப்பாணத்துக்காரர். பாலம் கட்டும் என்ஜினியராக இருந்து ரிட்டயரானவர். மனைவி காலமான பிறகு தனியாள். "இரத்தம் ஒவ்வொரு கணமும் வேற வேற வேகத்தில ஓடுது. மாறுற வேகத்தைக் கணக்குப் பார்க்கத் தெரியாதவை என்னெண்டு என்ர இதயத்தில கை வைக்கிறது?" என்பது அவர் கொள்கை.

கொள்கையோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. ஒருமுறை காய்ச்சலோடு கிளினிக்குப் போனவர், பிரஷர் பார்க்க வந்த இளம் டாக்டரிடம் சைன் எக்ஸை டிஃபரென்ஷியேட் பண்ணச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டான். இவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, அதே காய்ச்சலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த தடவை ஓர் எகிப்து டாக்டரம்மா "காஸ் எக்ஸ்" என்று சரியான விடையைப் பட்டென்று சொல்லிவிட்டார். அந்தப் பூரிப்பில், இல்லாத முழங்கால் வலியை எல்லாம் இருப்பதாகச் சொல்லி, மாதம் தவறாமல் அவரைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார் அங்கிள்.

நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, மெடிசினுக்கு மார்க்கை ஏற்றிக் கொடுக்கும் என்று கஷ்டமான கணக்கை எடுக்க வைத்துவிடுவார்கள். இப்படி மார்க்கை ஏற்றும் ஸ்கேலிங் என்ற சொல் காதில் விழுந்தாலே அங்கிளுக்கு முகம் சிவந்துவிடும். "மார்க்குக்காகக் கால்குலஸ் படிக்கிறது, சாப்பாட்டுக்காகக் கோயிலுக்கு வாறது மாதிரி!" என்று மேய்ஸ் ஹில் கோயிலில் ஒரு தகப்பனைப் பிடித்துக் கத்தினார். அப்போது அவர் கையில் மசால் தோசைத் தட்டு இருந்தது.

இப்படிப்பட்டவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் இருந்த என் மகள் நிலா, மெடிசினுக்கு அப்ளை பண்ணப்போகிறேன், அதனால் கால்குலஸை விடப்போகிறேன் என்றாள். அவள் அப்ளை பண்ணும் எந்த யூனிவர்சிட்டியும் அதைக் கேட்கவில்லையாம். அந்த நேரத்தில் நுழைவுத் தேர்வுக்கும் இன்டர்வியூவுக்கும் தயார் பண்ணலாமாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. தமிழ்நாட்டில் கணக்கும் பயாலஜியும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் படித்தவள் நான். மெடிக்கல் இல்லாவிட்டால் என்ஜினியரிங் என்று இரண்டு பக்கமும் துண்டு போட்டு வைத்தே வளர்ந்தவள்.

விஷயம் தெரிந்ததும் அங்கிள் எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை, ஊரிலயும் இப்பிடித்தான். பயோ எடுத்த பெடியள் கணக்குப் பக்கம் தலை வைச்சும் படுக்கேல்ல. பிறகு அவங்கள்தான் டொக்டர்மார்."

"அவங்க பாத்த பேஷன்ட் எல்லாம் என்ன ஆனாங்க அங்கிள்?" என்றாள் நிலா.

"ஏதோ கடவுள் புண்ணியத்தில பிழைச்சினம்."

நிலா விட்டது விட்டதுதான். அங்கிள் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவர் வீட்டுக் கறிவேப்பிலை மட்டும் நிற்காமல் வேலிக்கு மேலே வந்துகொண்டிருந்தது. அவளுக்கு மெடிசின் கிடைத்த அன்று என்னிடம், "சந்தோஷம். ஆனா எனக்கு ஏதும் எண்டா வேற ஆளைக் கூப்பிடுங்கோ" என்றார்.

நிலா படித்து முடித்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். போன குளிர்காலத்தில் அங்கிளுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸில் நானும் கூடவே போனேன். அடைப்பு இருக்கிறது, உடனே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் பெரிய டாக்டர். அங்கிள் அவரிடமும் கேள்வியை ஆரம்பித்தார். பாவம், பெரிய டாக்டருக்குக் கால்குலஸ் மறந்து பல வருஷம் ஆகியிருந்தது. "நான் வீட்ட போறன்" என்று அங்கிள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மனிதர் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வார்டில் அன்று ஜூனியர் டாக்டர் வேறு யார், நிலாதான். ஊசியோடு வந்து நின்றாள்.

"நீ கால்குலஸை விட்டனி," என்றார் அங்கிள்.

"ஆமா அங்கிள். இப்போ சொல்லித் தாங்க. டெரிவேட்டிவ்னா என்ன? ரியலி, எனக்குப் புரியணும்."

சந்தேகமாகப் பார்த்தார். பிறகு வலது கையை வெளியே எடுத்து, போர்வைமேல் விரலால் ஒரு வளைகோடு வரைந்தார். "இஞ்ச பார். இந்தப் புள்ளியில எவ்வளவு சரிவு? பக்கத்தில இன்னொரு புள்ளியை எடு. இப்ப அதைக் கிட்டக் கிட்டக் கொண்டு வா..."

புள்ளி கிட்டே வரவர அவர் குரல் தெளிந்தது. இடது கையை அவள் எப்போது எடுத்தாள், ஊசி எப்போது இறங்கியது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பிளாஸ்டர் ஒட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"குத்திப்போட்டியா?"

"முடிஞ்சிடுச்சு அங்கிள். உள்ள போலாமா?"

"சரி, போவம். மிச்சத்தை வந்து சொல்லித் தாறன்."

கட்டில் கதவுக்குள் போய் மறைந்தது. மிச்சத்தைச் சொல்ல அவர் திரும்பி வர வேண்டும் என்று அன்று வேண்டிக்கொண்ட அளவுக்கு, நிலாவின் மெடிசின் சீட்டுக்காகக்கூட நான் முருகனை வேண்டியதில்லை.

வந்தார். இரண்டு ஸ்டென்ட்டோடு வந்தார். இப்போது அவர் தீர்ப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது. "மெடிசினுக்குக் கால்குலஸ் கட்டாயம் வேணும். ஆனா டொக்டரான பிறகும் படிக்கலாம்" என்று அகப்பட்ட பெற்றோரிடமெல்லாம் சொல்கிறார். ஞாயிறுதோறும் எங்கள் சாப்பாட்டு மேசையில் வகுப்பு நடக்கிறது. வார்டிலிருந்து வந்த களைப்பில் கண்கள் சொக்க, நிலா உட்கார்ந்து கேட்கிறாள்.

போன வாரம் அவர் கிளம்பிய பிறகு, "உனக்குத்தான் இதெல்லாம் தேவையே இல்லையேடி, எதுக்கு இப்படி உசிரை விடுற?" என்று கேட்டேன்.

"தேவையில்லதாம்மா," என்றாள். "ஆனா அங்கிள் வரணும்ல."