இரண்டு இடது பக்கம்

இடது எது, வலது எது என்ற குழப்பம் எனக்குச் சின்ன வயதில் வந்ததே இல்லை. நாற்பது வயதில்தான் வந்தது, அதுவும் ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையில் என் மச்சினனின் கல்யாணமே கவிழப் பார்த்தது.

மச்சினன் கார்த்திக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும் (தெரியாவிட்டால் நீங்கள் கொடுத்து வைத்தவர்). பத்து இடம் பார்த்தாயிற்று. பத்தாவது வீட்டில் அவனுடைய வெள்ளைக் காரைப் பார்த்துவிட்டு, “டாக்ஸிக்காரரையும் காப்பி குடிக்கக் கூப்புடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்கு வெள்ளை நிறமே ஆகவில்லை.

பதினோராவது இடம் காங்கேயத்தில் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் தொடங்கும் நாலரை மணிக்குள் போயாக வேண்டும். அதற்குள் காருக்குப் பச்சை நிறத்தில் பிபிஎஃப் ஒட்டிவிட வேண்டும் என்று துடித்தான். செல்போனுக்கு ஒட்டுகிறோமே, அதுபோலக் காரின் பெயிண்டைக் காக்கும் கலர் ஃபிலிம். கடையில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

“இதென்ன பெரிய கம்பசூத்திரமா? நானே ஒட்டிப்போடறேன் மாப்ள” என்றேன். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாகக் கட்டிங் மாஸ்டர். அந்தத் திமிர்.

“ஏனுங்க, அது பனியன் இல்லீங்க, காருங்க” என்றாள் என் மனைவி சுமதி. தொழில் தெரியாதவள் பேச்சு என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் லீவு போட்டேன். பல்லடத்தில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் காரை நிறுத்தி, பேப்பரில் பேட்டர்ன் எடுத்து, கம்பெனியில் செய்வது போலவே எல்லாத் துண்டையும் முதலிலேயே வெட்டி வைத்துக்கொண்டேன்.

ஒட்ட ஆரம்பித்ததும் அசந்து போனேன். ஷாம்பு தண்ணீர் தெளித்து மேலே போட்டால் ஃபிலிம் மீன் மாதிரி நழுவுகிறது. ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளினால் சமர்த்தாகப் படுத்துக்கொள்கிறது. வளைவில் சுருங்கினால் சுமதியின் ஹேர் டிரையரைக் காட்டினால் போதும், சுருக்கம் போன இடம் தெரியவில்லை. அதைவிட ஆச்சரியம், நகத்தால் ஒரு கீறல் போட்டு வெந்நீர் ஊற்றினேன். கீறல் கண்ணெதிரே மறைந்தது! கார்த்தியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி கீறினேன், மறுபடி மறைந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரையும் கீறச் சொன்னோம். இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முன்பக்கம், கூரை, டிக்கி, இடது பக்கம் எல்லாம் முடிந்தன. அந்த இடது பக்கத்தைப் போல அழகான ஒன்றை என் கையால் நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்யவில்லை.

ஞாயிறு காலை வலது கதவுக்கான துண்டை எடுத்து வைத்தேன். கைப்பிடி ஓட்டை தப்பான முனையில் இருந்தது. திருப்பினேன். பொருந்தியது, ஆனால் பசை வெளியே பார்த்தது.

பனியன் துணி குழாயாக வரும். படுக்கப் போட்டு வெட்டினால், மேலே இடது, கீழே வலது என்று ஜோடி தானாகக் கிடைத்துவிடும். பதினெட்டு வருடப் பழக்கத்தில் ஃபிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வெட்டிவிட்டேன். ஃபிலிம் குழாய் இல்லையே! இரண்டு அடுக்குக்கும் பசை ஒரே பக்கம்தான். என்னிடம் இப்போது இரண்டு இடது பக்கம் இருந்தது. மிச்ச ஃபிலிம் ஒரு முழம்கூட இல்லை.

“எல்லாத்தையும் பிரிச்சுப்போடலாமுங்க” என்றாள் சுமதி. எனக்கு மனசு வரவில்லை. வாடகைக் கார் என்ற பேச்சை எடுத்ததும் கார்த்தி அழுதுவிடுவான் போலிருந்தது.

“மாமா, இடது பக்கத்த மட்டும் காட்டி நிறுத்திருங்க” என்றான்.

கார்த்தியையும் சுமதியையும் ஏற்றிக்கொண்டு காங்கேயம் போய் அப்படியே நிறுத்தினேன். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. பெண்ணின் அப்பா வாசலில் நின்று, “காரு சும்மா தகதகன்னு இருக்குதுங்க” என்றார். பெண் கவிதாவுக்கும் கார்த்திக்கும் பேச்சு சிரிப்பு வரைக்கும் போயிற்று. நான் இரண்டு லட்டு சாப்பிட்டேன்.

வருவதற்குத் திட்டம் போட்டேனே தவிர, திரும்புவதற்குப் போடவில்லை. வழி அந்த வீட்டோடு முடிகிறது. வழியனுப்பக் குடும்பமே வாசலில் நிற்க, நான் காரை வளைத்தேன். வெள்ளைப் பக்கம் மெதுவாக அவர்கள் முன்னால் வந்து நின்றது.

“ஏனுங்க தம்பி, அந்தப் பச்சைக் கதவெல்லாம் எங்கீங்க?” என்றார் பெண்ணைப் பெற்ற பெரியவர்.

கார்த்தி முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் இறங்கி, “ரெண்டும் எடது பக்கமா வெட்டிப்போட்டனுங்க” என்றேன். பதினோராவது இடமும் போயிற்று, என்னால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கவிதா படியிறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். பச்சைக் கதவைத் தடவினாள். “நெசமாலுமே நீங்களே ஒட்டுனதுங்களாண்ணா? ஒரு குமிழிகூட இல்லீங்களே!” என்றாள். அவ்வளவு அவமானத்திலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வெந்நீர் கிடைக்குமா என்று கேட்க வாய் வரை வந்தது. சுமதி பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பெரியவர் போன் செய்தார். “மறைக்கோணும்னு பாத்தும் மறைக்கத் தெரியாத ஆளுங்களா இருக்கறீங்க. எம் புள்ளைய தைரியமா குடுக்கலாமுங்க” என்றார்.

கல்யாணமாகி நாலு வருடம் ஆயிற்று. கடையில் கொடுத்து வலது பக்கமும் பச்சையாகிவிட்டது. வாசலுக்கு வந்தவரை உடனே ‘வாங்க’ என்று சொல்லாவிட்டால் எங்கள் ஊரில் அது பெரிய குற்றம். அந்தப் பெரியவர் ஊரையே வாய் நிறையக் கூப்பிடுபவர். நான் போனால் மட்டும் ஒன்றும் பேசாமல் இறங்கி வந்து, நான் வந்த காரை ஒரு முழுச் சுற்று சுற்றுவார். இரண்டு பக்கமும் ஒரே நிறம்தான் என்று பார்த்து முடித்த பிறகுதான், “வாங்க தம்பி.”