ஏழால் வகுபடுமா?

வகுத்துப் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பேருந்தில் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து, ஏதோ மந்திரம் ஜபிக்கிறார், புண்ணியவான் என்று கால் படாமல் ஒதுங்கி உட்காருகிறீர்களே, அவர்தான். முன்னால் போகிற லாரியின் எண்ணை ஏழால் வகுத்துக்கொண்டிருக்கிறார்.

இவர்களுக்குச் சின்ன எண்கள் கண்ணிலேயே படாது. பெற்ற மகளுக்கு என்ன வயது என்று கேளுங்கள். மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். ஆனால் மின்சார மீட்டரில் பொறித்த எண், எப்போதோ துண்டித்த தொலைபேசியின் எண் எல்லாம் எந்தெந்தப் பகா எண்களைப் பெருக்கினால் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அதனால் யாருக்கு என்ன லாபம்? கேட்டுவிடாதீர்கள். சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் இந்த இனத்தின் திலகம். மைத்துனிக்குக் கல்யாணம். கூடப் பிறந்த ஒரே தங்கையின் கல்யாணத்தைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று அவர் மனைவி தவியாய்த் தவித்தார். ரயிலில் மிச்சம் இருந்தது இரண்டே இடம். கணினியில் எல்லாம் நிரப்பியாயிற்று. ஓடிபி மட்டும் கணவரின் கைபேசிக்கு வந்தது: 510510.

"வந்துடுச்சா? சொல்லுங்க!"

"அடடா! ஏழால போகுது. பதினொண்ணால, பதிமூணால... இரு, பதினேழாலயும் போகுதுடி!"

"ஐயோ, நம்பரைச் சொல்லுங்க, டைம் போகுது!"

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு..."

அந்த அம்மாள் பாவம், சொன்னதை அப்படியே தட்டினார். 235711. ஆறு கட்டமும் கச்சிதமாக நிரம்பியது. தவறான எண் என்றது திரை.

"தப்புங்கறானே!"

"நான் எங்க நம்பரைச் சொன்னேன்? அது அத்தனையும் பெருக்கணும். இன்னும் பதிமூணும் பதினேழும் பாக்கி இருக்கு."

இரண்டாவது ஓடிபி வந்தது. அதைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். "இது சப்புன்னு இருக்கு. பழசையே போடேன்."

இடம் போயிற்று. பேருந்து மாறி மாறி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கையைக் கட்டிக்கொண்டு அக்கா விசும்பி விசும்பி அழுதாராம். கேட்ட எனக்கே மனது ஆறவில்லை. நம்மவர் மட்டும் புது மாப்பிள்ளையை ஓரமாக இழுத்துப்போய் அந்த ஓடிபியைக் காட்டினார். மாப்பிள்ளை கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"சகல! முதல் ஏழு பகா எண்ணும் இருக்கே!"

"அக்கா, இவர் என்னக்கா பண்றாரு?" என்றாள் கல்யாணப் பெண். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடிபி உன் போனுக்கே வர்ற மாதிரி முதல்ல மாத்திடு" என்றார்.

நல்லவேளை, உங்களுக்கும் எனக்கும் இந்த வியாதி கிடையாது. ஆனால் மேலே அந்த ஆறு இலக்க எண்ணைப் பார்த்ததும், நிஜமாகவே பதினேழால் வகுபடுமா என்று கையால் பேனாவைத் துழாவினீர்களே, உங்கள் வீட்டில் ஓடிபி யார் கைபேசிக்கு வருகிறது?